இறால் குட்டை விவசாயமா, தொழிலா? வருமானத்தை நீங்களே பிரித்துப் பார்க்க ஒரு வழி

"சார், பேங்க்லயே கிசான் கார்டு குடுத்திருக்காங்க. அப்புறம் எப்படி இது விவசாயம் இல்லைங்கிறீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்காத இறால் பண்ணைக்காரரை நான் பார்த்ததில்லை. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. கால்நடை வளர்ப்பவர்களுக்கும் மீன்வளத்தை நம்பியிருப்பவர்களுக்கும் கிசான் கடன் அட்டை 2018-19இல் நீட்டிக்கப்பட்டது. வங்கி தன் ஏட்டில் அதை விவசாயக் கடன் என்றுதான் எழுதிக்கொள்கிறது. வருமான வரிச் சட்டமோ அதே குட்டையைத் தொழில் என்கிறது. ஜிஎஸ்டி சட்டத்துக்கு இன்னொரு பார்வை. ஒவ்வொரு சட்டமும் தனக்கு வேண்டியதை மட்டும்தான் விசாரிக்கும். ஓர் அலுவலகத்தில் வாங்கிய பெயரை அடுத்த அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் செல்லாது.

நாகப்பட்டினத்தில் வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நெல், தெற்கே வேதாரண்யத்தில் உப்பளம், புகையிலை, மல்லிகை, நடுநடுவே இறால் குட்டைகள். அண்ணன் சம்பா போடுவார், தம்பி படகு வைத்திருப்பார், வீட்டில் இரண்டு கறவை மாடு நிற்கும், எல்லாப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழும். அதைப் பிரிக்காமல் "விவசாய வருமானம்" என்று ஒற்றை வரியில் காட்டிவிட்டு, பின்னால் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. பெரும்பாலும் அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. எதை எங்கே எழுதுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரிவு எண்களை 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்கிறேன். எல்லோர் வாயிலும் இன்னும் அதுதான் புழங்குகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறினாலும், கீழே சொல்லும் அடிப்படைகள் தொடர்கின்றன.

முதலில் நிலம்

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது பிரிவு 10(1). எது விவசாய வருமானம் என்பது 2(1ஏ). இந்த விலக்கின் வேர் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது, அது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் வரித்துறை இந்தச் சொல்லுக்கு இவ்வளவு கறாராக எல்லை போடுகிறது. எல்லைக்கு உள்ளே இருந்தால் முழு விலக்கு, வெளியே போனால் ஒரு ரூபாய்க்கும் விலக்கு இல்லை.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: இந்த வருமானம் இந்தியாவில் இருக்கிற நிலத்தில் பயிர் செய்து வந்ததா? பட்டாவில் நஞ்சை என்று இருப்பது இதற்குப் பதில் ஆகாது. நஞ்சை என்று பதிவான நிலத்தை வெட்டி, கரை கட்டி, உப்புநீர் ஏற்றி இறால் விட்டால், அந்த நிலம் விவசாயத்துக்குப் பயன்படவில்லை. இறால் தண்ணீரில் தீனி தின்று வளர்கிறது, மண்ணில் முளைத்து வரவில்லை. ஆகவே அந்த வருமானம் தொழில் வருமானம். நீங்களே வளர்க்காமல் குட்டையை வேறொருவருக்கு வருடக் குத்தகைக்கு விட்டாலும் இதே கதிதான். நெல் போடுகிறவருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரும் குத்தகை விவசாய வருமானம். அதே நிலத்தை இறாலுக்கு விட்டால் அது விவசாய வருமானம் ஆகாது, இதர வருமானத்தில் போய் உட்காரும். குத்தகைப் பணத்தைக் குறித்து வைக்கும்போதே நிலம் எதற்காக விடப்பட்டது என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.

உப்பளமும் அப்படித்தான். கடல்நீரைப் பாத்தியில் விட்டு உப்பு எடுப்பதில் பாத்தி இருக்கிறது, வெயிலில் நாள் முழுக்க நிற்கிற உழைப்பு இருக்கிறது, பயிர் இல்லை. தேன், பால், முட்டை, கறிக்கோழி, ஆடு, குளத்து மீன், கடல் மீன், கடற்பாசி எல்லாம் இந்த வரிசைதான்.

மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத்தான் இது ரொம்பக் கசக்கும். இலை அவர்கள் நிலத்தில் விளைகிறது, புழு அந்த இலையைத்தான் தின்கிறது. ஆனாலும் பட்டுக்கூடு விற்ற பணம் விவசாய வருமானம் இல்லை என்று லட்சுமணன் அண்ட் கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலத்தில் விளைந்தது இலை, விற்றது கூடு. நிலத்துக்கும் விற்ற பொருளுக்கும் நடுவில் ஓர் உயிர் வந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நிலத்துப் புல்லைத் தின்று மாடு கொடுக்கும் பாலுக்கும் இதே விதிதான்.

இரண்டாவது கேள்வி: அடிப்படை வேலையை யார் செய்தார்கள்? 1957இல் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இன்றைக்கும் மாறவில்லை. உழுவது, விதைப்பது, நடுவது அடிப்படை வேலைகள். களை எடுப்பது, கவாத்து செய்வது, காவல் காப்பது, அறுப்பது பின்னால் வரும் வேலைகள். அடிப்படை வேலை நடந்திருந்தால் பின்வேலைகளும் அதோடு சேர்ந்து விவசாயம். அடிப்படை வேலையே இல்லாமல் வெறும் பின்வேலை மட்டும் என்றால் விவசாயம் இல்லை. தானாக முளைத்த காட்டு மரத்தை வெட்டி விற்றால் விவசாய வருமானம் ஆகாது, நீங்கள் கன்று வைத்து வளர்த்த தேக்கு என்றால் ஆகும்.

இங்கே மாட்டிக்கொள்பவர்கள் தோப்பு ஏலம் எடுப்பவர்கள். பூ விட்ட மாந்தோப்பை மொத்தமாகப் பேசி, மருந்தடித்து, ஆள் போட்டுக் காவல் காத்து, காய் பறித்து லாரி ஏற்றுகிறார்கள். வெயிலில் காய்வது அவர்கள்தான், காற்றடித்துக் காய் கொட்டினால் நஷ்டமும் அவர்களுக்குத்தான். ஆனால் மரம் வைத்து வளர்த்தவர் தோப்புக்காரர். ஏலம் எடுத்தவர் நிற்கிற விளைச்சலை வாங்கிய வியாபாரி, அவர் லாபம் தொழில் வருமானம். நிலத்தையே குத்தகைக்கு எடுத்து உழுது விதைத்தவர் என்றால் அவருடையது விவசாய வருமானம். சொந்த நிலம்தான் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் ஊரில் குத்தகை என்ற ஒரே பேச்சுதான் புழங்குகிறது. அதனால் சீட்டு எழுதும்போதே, எடுத்தது நிலமா, நிற்கிற காயா என்று தெளிவாக எழுத வேண்டும்.

நாற்றுப் பண்ணைக்காரர்களுக்குக் கவலை வேண்டாம். நாற்றங்காலில் வளர்த்த கன்று, நாற்று விற்ற வருமானம் விவசாய வருமானமாகவே கொள்ளப்படும் என்று 2008ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் விளக்கம் சேர்த்துவிட்டார்கள். காளானில்தான் இன்னும் கொஞ்சம் இழுபறி. கட்டடத்துக்குள் தட்டுகளில் மண் பரப்பி வளர்த்த காளானை விவசாய வருமானம் என்று ஹைதராபாத் வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2018இல் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பில் மண்ணுக்கு முக்கிய இடம் இருக்கிறது. வைக்கோல் திணித்த பையில் தொங்கவிட்டு வளர்க்கும் சிப்பிக் காளானுக்கு அது அப்படியே பொருந்தும் என்று என் கட்சிக்காரர் யாருக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

விளைந்த பிறகு என்ன செய்தீர்கள்

களத்தில் அடிப்பது, தூற்றுவது, காயவைப்பது, தரம் பிரிப்பது, மூட்டை பிடிப்பது எல்லாம் எந்த விவசாயியும் செய்கிற வேலை. அதுவரைக்கும் விவசாயம்தான். வேதாரண்யம் பக்கம் புகையிலையைப் பாடம் செய்து விற்பதும் இதில் அடங்கும், ஏனென்றால் பச்சை இலையை அப்படியே சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க ஆள் இல்லை. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகிற நிலைக்குத் தயார் செய்யும் வழக்கமான வேலை எதுவோ, அதுவரை விலக்கு உண்டு. விற்கத் தயாராக இருக்கிற பொருளை வேறு பொருளாக மாற்றினால் அந்த மாற்றத்தில் வந்த லாபம் தொழில்.

எள் போட்டவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எள்ளை விற்காமல் செக்கில் ஆட்டி நல்லெண்ணெயாக விற்கிறார். எண்ணெய் விற்றது 1,80,000 ரூபாய். ஆட்டிய எள்ளை அன்றைய சந்தை விலைக்கு விற்றிருந்தால் 1,00,000. சாகுபடிச் செலவு 45,000, செக்குக் கூலி, பாட்டில் எல்லாம் 30,000. வருமான வரி விதிகளில் விதி 7இன்படி எள்ளின் சந்தை மதிப்பில் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். 1,00,000இல் சாகுபடிச் செலவு போக 55,000 விவசாய வருமானம். 1,80,000இல் எள் மதிப்பு 1,00,000, ஆட்டுச் செலவு 30,000 போக மிச்சம் 50,000 தொழில் வருமானம். சாகுபடிச் செலவைத் தொழில் பக்கம் இன்னொரு முறை கழிக்கக் கூடாது. இந்தக் கணக்கு நிற்க வேண்டுமென்றால், ஆட்டுகிற வாரத்தில் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் என்ன விலை போனது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். வருடக் கடைசியில் யோசித்து எழுதிய விலைக்கு மதிப்பே இல்லை.

தேயிலை, காபி, ரப்பருக்கு இந்தத் தலைவலி இல்லை. சட்டமே விகிதம் போட்டிருக்கிறது: தாமே பயிரிட்டு ஆலையில் பக்குவப்படுத்திய தேயிலையில் 40 சதவீதம் தொழில், ரப்பரில் 35, பதப்படுத்தி விற்கும் காபியில் 25, வறுத்து அரைத்தால் 40.

தொழிலா, வீட்டுக்கு வளர்ப்பதா

நிலத்துக்கு வெளியே வந்துவிட்டோம். மாடு, கோழி, மீன் என்றால் உடனே தொழில்தானா? கொல்லையில் நாலு கோழி மேய்கிறது, மிஞ்சின முட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்பதை யாரும் தொழில் என்று சொல்ல மாட்டார்கள். வியாபாரம், வணிகம், உற்பத்தி, வியாபாரத் தன்மை கொண்ட எந்த முயற்சியும் தொழில் என்கிறது பிரிவு 2(13). இத்தனை மாடு, இத்தனை சென்ட் குட்டை என்று அளவு எதுவும் அதில் இல்லை. நீதிமன்றங்கள் பல அடையாளங்களைச் சேர்த்துத்தான் பார்க்கின்றன. நான் கட்சிக்காரர்களிடம் விசாரிப்பதும் அதே வரிசையில்தான்.

லாபம் சம்பாதிக்கும் எண்ணத்தோடு தொடங்கினீர்களா? இந்த வருடம் லாபம் வந்ததா என்பது வேறு விஷயம். இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டையே காலியானாலும் அது தொழில்தான். திரும்பத் திரும்ப, ஒழுங்காகச் செய்கிறீர்களா? விற்கும் அளவுக்கு வளர்க்கிறீர்களா, வீட்டுத் தேவைக்கு வளர்த்து மிச்சத்தை விற்கிறீர்களா? கடன் வாங்கி, ஆள் வைத்து, தீனிக்குக் கணக்கு எழுதி, விலை பேசி விற்கிறீர்களா? பதிவு, உரிமம் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா? இதில் பெரும்பாலானவற்றுக்கு "ஆமாம்" என்று வந்தால் அது தொழில். பதில் ரெண்டுங்கெட்டானாக இருந்தால் எனக்கு மிகவும் உதவுவது கணக்கு நோட்டுதான். தீனி வாங்கிய தேதி, இறந்த குஞ்சு எண்ணிக்கை, விற்ற எடை, வாங்கியவர் பெயர் என்று ஒருவர் எழுதிக்கொண்டே வந்திருந்தால் அவர் மனதில் அது தொழில் என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

விடுமுறை விட்டால் தொழில் இல்லை என்று ஆகிவிடாது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறி நிற்கும். அந்த நாட்களில் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, இன்ஜின் இறக்கிப் பார்ப்பது எல்லாம் தொழில் செலவுதான். வரவு இல்லாத மாதத்துச் செலவு என்று அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். படகுக்காரருக்கு வருடத்தின் பெரிய செலவு அந்த இரண்டு மாதத்தில்தான் வரும், தயவுசெய்து எடுத்து வையுங்கள்.

கடற்கரைக் குட்டைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை தடுக்கும் "தொழிற்சாலை" என்ற சொல்லுக்குள் இறால் பண்ணையும் வரும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. அந்த ஆணையத்தில் பண்ணையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவுச் சான்றிதழ் கையில் வைத்துக்கொண்டு வருமான வரியில் மட்டும் "நான் விவசாயி" என்று எழுதுவது எடுபடாது.

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் கவனிக்க: குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, உங்களுக்கு வருவது வளர்ப்புக் கூலி. கம்பெனி அதில் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டியிருந்தால் அது, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். அங்கே ஒப்பந்தத் தொகை என்று தெரிவதை நீங்கள் விவசாய வருமானம் என்று காட்டினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

நஷ்டம் வந்தால்

தொழில் என்று ஒப்புக்கொள்வதில் ஒரு நன்மை இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் விவசாய நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்கவும் முடியாது. தொழில் நஷ்டத்தை அந்த வருடமே வாடகை போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம், மிச்சத்தை அடுத்த 8 வருடத் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். நஷ்டம் வந்த வருடத்தில் "வரியே இல்லை, எதற்குத் தாக்கல்?" என்று விட்டுவிட்டு, அடுத்த வருடம் நல்ல லாபம் வந்து முழு வரியும் கட்டுகிறார்கள். குட்டை போன வருடம்தான் தாக்கல் செய்ய வேண்டிய முக்கியமான வருடம்.

சம்பளத்தில் மட்டும் கழிக்க முடியாது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் ஆட்டுப் பண்ணை போடும் பிள்ளைகள், பண்ணை நஷ்டத்தைக் காட்டிச் சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். பிரிவு 71(2ஏ) அதற்கு இடம் தரவில்லை. நஷ்டத்தைப் பிற்காலப் பண்ணை லாபத்துக்காக எடுத்து வைக்கலாம், அவ்வளவே.

மாடு செத்தாலும் கணக்கு உண்டு. கறவை மாட்டுக்குத் தேய்மானம் (வருடா வருடம் மதிப்புக் குறைவதைச் செலவாக எழுதுவது) கிடையாது. தொழிலுக்காக வைத்திருந்த மாடு செத்துப்போனாலோ இனி உதவாது என்று ஆனாலோ, வாங்கிய விலையில் அதை விற்று வந்த தொகை போக மிச்சத்தை அந்த வருடச் செலவாக எழுதலாம், பிரிவு 36(1)(vi). அதற்கு மாடு வாங்கிய சீட்டு வேண்டும், கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். சந்தையில் வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படகுக்காரருக்கும் மீன் வாங்குபவருக்கும்

டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், வலை, ஆட்களுக்குக் கொடுத்த பங்கு, காப்பீடு, கடன் வட்டி எல்லாம் கழியும். மரப் படகுக்கு 20 சதவீதத் தேய்மானம் உண்டு. கவனம் வேண்டியது ரொக்கத்தில். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைப் பிரிவு 40ஏ(3) ஏற்காது. மீனுக்கு விதி 6டிடியில் விலக்கு உண்டு: பிடித்தவரிடமே நேராக மீன் வாங்கினால் எவ்வளவு ரொக்கம் கொடுத்தாலும் செலவு செல்லும். இறால், நண்டு, கணவாய் எல்லாம் இதில் அடக்கம் என்றும், கரையில் மீனைப் பிரித்து விற்கும் மீனவர் தலைவரும் உற்பத்தியாளரே என்றும் 2008இல் வரி வாரியம் சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. தரகரிடமோ வியாபாரியிடமோ வாங்கினால் அந்த விலக்கு கிடையாது. டீசலுக்கும் ஐஸுக்கும் கிடையாது. துறைமுகத்தில் ஒரு நடைக்கு டீசல் போட்டாலே 10,000 தாண்டிவிடும், அதை ரொக்கமாகக் கட்டிவிட்டு வந்தால் செலவு முழுக்கப் போகும். டீசலை வங்கி வழியாகக் கட்டுங்கள் என்று எல்லாப் படகுக்காரரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கணக்குப் புத்தகம் வைக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பிரிவு 44ஏடி இருக்கிறது. வருட விற்பனை 2 கோடிக்குள், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடிக்குள் இருந்தால், வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டலாம். 60 லட்சத்துக்கு இறால் விற்றுப் பணம் முழுக்க வங்கியில் வந்திருந்தால் 3,60,000. உண்மை லாபம் அதற்கு மேல் என்றால் மேலேயே காட்டுங்கள், அடுத்த கடனுக்கு வங்கி கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். கமிஷனுக்கு மீன் ஏலம் விடும் தரகருக்கு 44ஏடி கிடையாது. நஷ்டத்தை எடுத்துச்செல்ல நினைப்பவருக்கும் இது உதவாது, அவருக்குப் புத்தகம்தான் வழி. ஒரு முறை 44ஏடிக்குள் வந்துவிட்டு 5 வருடத்துக்குள் வெளியே போனால் அடுத்த 5 வருடம் திரும்ப நுழைய முடியாது. நோய் அடிக்கடி வரும் குட்டை என்றால் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால்

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்க்கும்போது அதையும் சேர்த்துக்கொள்வார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேலும், மற்ற வருமானம் அடிப்படை வரம்புக்கு மேலும் இருந்தால்தான் இது. 2025-26ஆம் நிதியாண்டு, புதிய வரிமுறை, அடிப்படை வரம்பு 4 லட்சம். ஒருவருக்குப் படகில் 9 லட்சம், நெல்லில் 6 லட்சம் என்று வைப்போம்.

இரண்டையும் கூட்டி 15 லட்சத்துக்கு வரி போடுங்கள்: 1,05,000. பிறகு விவசாயம் 6 லட்சத்தோடு வரம்பு 4 லட்சத்தைக் கூட்டி 10 லட்சத்துக்கு வரி போடுங்கள்: 40,000. முதலில் வந்ததில் இரண்டாவதைக் கழித்தால் 65,000. வரிக்குரிய மொத்த வருமானம் 9 லட்சம்தான், 12 லட்சத்துக்குள் இருப்பதால் 60,000 வரை தள்ளுபடி உண்டு. மிச்சம் 5,000, 4 சதவீத செஸ் சேர்த்து 5,200 ரூபாய். நெல் வருமானமே இல்லாதிருந்தால் அவருக்கு வரியே வந்திருக்காது. "12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொன்னாங்களே சார்" என்று அப்போது முகம் வாடும். அண்ணே, நெல்லுக்கு வரி போடல, படகு வருமானம் எந்தப் படியில நிக்குதுன்னு பார்க்கத்தான் நெல்லைச் சேர்த்தாங்க என்று உட்கார்த்தி வைத்துக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

விவசாய வருமானம் 5,000 தாண்டினால் வரிக் கணக்குத் தாக்கலுக்கான எளிய படிவங்களான ஐடிஆர்-1, ஐடிஆர்-4 இரண்டும் செல்லாது. தொழிலும் இருந்தால் ஐடிஆர்-3. விவசாய வருமானம் 5 லட்சம் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று படிவமே கேட்கும்.

ஜிஎஸ்டியை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தன் உழைப்பிலோ நேரடி மேற்பார்வையில் ஆள் வைத்தோ பயிர் செய்பவர், அந்த விளைச்சலை விற்பதற்குப் பதிவு எடுக்கத் தேவையில்லை. புதிதாகவோ ஐஸ் போட்டோ விற்கும் மீனுக்கும் வரி கிடையாது. உறைநிலையில் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கினால், செக்கு எண்ணெய் விற்றால், அப்போது விற்பனை 40 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நிலத்துக்கு, ஒன்று குட்டைக்கோ படகுக்கோ. நான் சொல்லும் எல்லா யோசனையிலும் செலவே இல்லாதது இது, பலனும் இதில்தான் அதிகம். நெல் என்றால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ரசீது, மற்றப் பயிருக்கு விற்பனைக் கூடத்துச் சீட்டு அல்லது வியாபாரி கையெழுத்திட்ட சீட்டு. உரம், விதை, உழவு, அறுவடை இயந்திரக் கூலிக்கான ரசீதுகள். குட்டைக்குக் குஞ்சு வாங்கிய பில், தீவன பில், அறுவடை எடைச் சீட்டு. படகுக்குப் பதிவுச் சான்று, ஒவ்வொரு நடைக்கும் வரவு செலவு எழுதிய நோட்டு.

நிலத்தில் பயிர் இருந்தது என்பதற்கு அதிகாரி முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அந்தப் பருவத்தில் அதில் என்ன பயிர் நின்றது என்று அடங்கல்தான் சொல்லும். பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அறுத்த பிறகு போய்க் கேட்டால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? வாய்மொழிக் குத்தகை என்றால் நிலக்காரரிடம் ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வருவாய்த் துறை கணக்கு வைக்கும் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஒரு வரி ஆண்டுக்குள் இரண்டு பசலி வந்துவிடும், அதனால் அடங்கல் நகல் கேட்கும்போது இரண்டு பசலிக்கும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.